ஆடாதோடையும் பதினான்கு நாள் கணக்கும்

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்ட ஒரு செம்மண் கிராமத்துக்கு நாம் சென்றிருந்தபோது, ஓர் ஆச்சி தன் வளவின் எல்லையைத் தேடிக்கொண்டு நின்றார். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் உடுத்த உடையோடு விட்டுப் புறப்பட்ட வளவு அது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரத்தின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. கிணறு பாதி தூர்ந்து கிடந்தது. வேலிகள் எல்லாம் போய், நான்கு குடும்பங்களின் காணிகள் ஒரே பற்றைக்காடாகிவிட்டன. உறுதியில் உள்ள அளவை வைத்துக்கொண்டு எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று பிள்ளைகள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி நாயுண்ணிப் பற்றைக்குள் கையை விட்டு ஒரு நீள இலையை முறித்தெடுத்தார். அதைக் கசக்கி மணந்து பார்த்தார். பிறகு நுனி நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"இதுதான் எங்கட கிழக்கு வேலி. அம்மா நட்ட ஆடாதோடை" என்றார்.

கைப்பை வைத்துக் காணியின் எல்லை கண்ட கதையை நாம் அன்றுதான் முதன்முதலில் கண்டோம். பூவரசங் கதியால்கள் பட்டுப்போயிருந்தன. கிளுவையில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தன. ஆனால் ஆடாதோடை வரிசை, யாரும் தண்ணீர் ஊற்றாமல், யாரும் வெட்டாமல், கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நின்றிருக்கிறது. ஆடு மாடு கடித்தாலாவது அழிந்திருக்கும். அவை அதைத் தொடுவதில்லை. ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை ஆனது என்று எமது முதியோர் சொல்வார்கள்.

இந்தக் கட்டுரை அந்தச் செடியைப் பற்றியது. அதைப் புகழ்வதற்கு மட்டுமாக நாம் இதை எழுதவில்லை. அந்தச் செடியின் பேரில் நாம் விட்ட ஒரு பிழையும் உண்டு. அதையும் சொல்லவே எழுதுகிறோம்.

எங்கள் ஊர்ப் பெயர், உலகப் பெயர்

ஆடாதோடையை அறியாத கமக்காரக் குடும்பம் வடக்கில் குறைவு. ஆனால் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது பெயர் மட்டும்தான். ஆகவே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக வளரும் செடி. இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். ஒரு சாண் வரை நீளம், இரு முனையும் கூர், நடுவில் அகலம். தொட்டால் மென்மை. பூ வெள்ளை. கதிர் போல நுனியில் கூட்டமாகப் பூக்கும். பூவின் கீழ் உதட்டில் ஊதா நிறக் கோடுகள் இருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு தனி மணம், வாயில் வைத்தால் கடும் கைப்பு.

அலரி இலையோடு இதை மயங்கக்கூடாது. அலரி நஞ்சு. அலரி இலை ஒடுங்கியது, தடித்தது, தோல்போன்றது. ஒரு கணுவில் மூன்று இலைகள் இருப்பதே பெரும்பாலும் வழக்கம். மஞ்சள் அலரியை முறித்தால் பால் வரும். ஆடாதோடையில் பால் இல்லை. சந்தேகம் இருந்தால் செடியைத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டுப் பறியுங்கள். பற்றை மண்டிக் கிடக்கும் காணிகளுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இதை விசேடமாகச் சொல்கிறோம். அங்கே இரண்டும் ஒன்றாகவே வளர்ந்து நிற்கும்.

ஒரு சிறு விடயம். உலகம் முழுவதும் தாவரவியலாளர் இச்செடிக்கு இன்று வழங்கும் பெயர் ஜஸ்ரிசியா அடதோடா. அதன் பிற்பாதி எங்கள் தீவில் வழங்கும் பெயரேதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் பணிசெய்த போல் ஹேர்மன் என்பவர் இங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1753இல் ஆடாதோடைக்கு இப்போதைய பெயரைச் சூட்டியவரும் அவரே. சிங்கள மக்களும் ஏறக்குறைய இதே பெயரால்தான் இச்செடியை அழைக்கிறார்கள். காணி போனது, வீடு போனது என்று நாம் கணக்குப் பார்க்கும்போது, எங்கள் வேலிச் செடியின் பெயர் உலகப் புத்தகங்களில் இருக்கிறது என்பதை நினைத்தால் சற்றுச் சிரிப்பும் வருகிறது.

சளியை இளக்குவது எப்படி?

ஆடாதோடை இலையில் வசிசின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் இறுகும்போது அவற்றைத் தளர்த்தவும், குழாய்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த சளியை இளக்கி வெளியேற்றவும் அது உதவுகிறது. இதைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட மருந்துதான் புறோம்ஹெக்சின். அது 1960களில் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து பிறந்தது அம்புறொக்சோல். இருமலுக்கென்று பாமசியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பல பாணி மருந்துகளின் போத்தல்களில் இந்த இரண்டில் ஒன்றின் பெயரைக் காணலாம். உங்கள் வேலியில் நின்ற செடியின் பேரப்பிள்ளைகள் அவை.

1990களில் வடக்குக்கு மருந்துகள் வருவது தடைப்பட்டும் மட்டுப்படுத்தப்பட்டும் இருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பனடோலுக்கும் தட்டுப்பாடாக இருந்த நாட்களில் ஆடாதோடையும் துளசியும் கற்பூரவள்ளியும்தான் பல வீடுகளின் மருந்துப் பெட்டி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழையில் நனைந்து, பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் படுத்த பிள்ளைகள் அடுத்த வாரமே இருமத் தொடங்கினார்கள். முன் பின் அறியாத வீட்டுக்காரரிடம் போய் வேலியில் நிற்கும் ஆடாதோடையில் நாலு இலை கேட்டவர்கள் எத்தனை பேர்! இலை கேட்டு இல்லை என்று சொன்ன வீடு ஒன்றையாவது நாம் கேள்விப்படவில்லை.

மேலே சொன்ன ஆச்சியும் அவர்களில் ஒருவர். முதலில் உறவினர் வளவு, பிறகு தென்மராட்சி, 1996இல் திரும்பி வந்து ஒரு முகாம், பிறகு வாடகைக் காணி. தங்கிய ஒவ்வோர் இடத்திலும் முதல் மாரியில் இரண்டு ஆடாதோடைத் தடி நட்டதாகச் சொன்னார். "தென்னம்பிள்ளை வைச்சால் காய்க்கிறதுக்கு முதல் எழும்பிப் போகவேண்டி வரும். இது அடுத்த மாரிக்கு இலை தரும்" என்பது அவருடைய கணக்கு.

கசாயம் வைக்கும் விதம்

முற்றிய இலைகள் ஐந்து அல்லது ஆறு எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும். நடு நரம்பை நீக்கி, இலையைக் கிள்ளிப் போடுங்கள். ஒரு சிறு துண்டு வேர்க்கொம்பையும் எட்டுப் பத்து மிளகையும் தட்டிச் சேர்க்கவும். நான்கு தேநீர்க் கோப்பை தண்ணீர் விட்டு, ஒரு கோப்பையாகச் சுண்டும் வரை சிறு நெருப்பில் காய்ச்சி வடித்து, பாதியைக் காலையிலும் பாதியை மாலையிலும் குடிக்கலாம். இது வளர்ந்தவர்களுக்கான அளவு. பரியாரிமார் எட்டுக்கு ஒன்றாகக் குறுக்குவார்கள். அது இன்னும் கடுப்பமானது. அவர்கள் ஆளைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பது. வீட்டில் நாமாகச் செய்யும்போது நாலுக்கு ஒன்று போதும்.

கைப்புக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதே எங்கள் வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியையும் தேனையும் விட்டுவிட வேண்டும். பனங்கட்டி சீனி அல்ல என்று நினைத்து நீரிழிவுக்காரர் தாராளமாகக் கடிப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

சாறு எடுப்பதாயின் ஒரு சூக்குமம் உண்டு. பச்சை இலையை இடித்துப் பிழிந்தால் கை நோகுமே தவிரச் சாறு வராது. இலைகளை நீத்துப்பெட்டியில் வைத்துப் பிட்டு அவிப்பதுபோலச் சிறிது நேரம் ஆவியில் வாட்டி, சூட்டோடு துணியில் கட்டிப் பிழிந்தால் சாறு இலகுவாக இறங்கும். இரண்டு தேக்கரண்டிச் சாற்றுடன் சிறிது தேன் கலந்து வளர்ந்தவர்கள் காலை மாலை உட்கொள்ளலாம். அன்றன்று பிழிந்ததே நல்லது. கூடக் குடித்தால் கெதியில் சுகம் வரும் என்று எண்ண வேண்டாம். அளவு மிஞ்சினால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும்.

யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதை இங்கேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கர்ப்பிணித் தாய்மாருக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு இந்த இலைக்கு உண்டு, கருச்சிதைவு நேரலாம். கர்ப்பம் தங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியரைக் கேட்காமல் வீட்டில் காய்ச்சிக் கொடுக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவரின் அளவு அல்ல. சித்த வைத்தியரிடம் கேட்டு அளவை அறிந்துகொள்ளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவதும் ஆபத்து.

நாம் விட்ட பிழை

2010ஆம் ஆண்டு. செட்டிகுளம் முகாம்களிலிருந்து குடும்பங்கள் வன்னிக் கிராமங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பத்துக்குச் சில தகரங்கள், தறப்பாள், மண்வெட்டி, அலவாங்கு. நாம் ஒரு கிராமத்தில் வீட்டுத்தோட்ட வேலையில் ஈடுபட்டிருந்தோம். கத்தரி, வெண்டி, பயிற்றை விதைகளோடு ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு ஆடாதோடைத் தடிகளையும் கொடுத்தோம். வேலிக்கு வேலியும் ஆகும், இருமலுக்கு மருந்தும் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தோம். கைத்தட்டலும் வாங்கினோம்.

அடுத்த மாரி முடிந்தபோது செடிகள் நன்றாகத் தழைத்திருந்தன. எமக்குப் பெருமை. அவற்றில் ஒரு வீட்டுச் செடி மட்டும் ஏறக்குறைய மொட்டையாக நின்றது. வீட்டுக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர். "உங்கட மருந்துதான் ஐயா என்னை நிமித்தி வைச்சிருக்கு. குடிச்சால் சளி கழண்டு போகுது, இரவிலை நித்திரை வருது" என்றார். நாம் மகிழ்ந்தோம். அவருடைய செடி போதாது என்று பக்கத்து வீட்டுச் செடியிலும் இலை பறிக்க ஒழுங்கு செய்து கொடுத்தோம். எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். பேரப்பிள்ளைக்கு நிறை பார்க்க வந்த இடத்தில், தாத்தாவின் சேட்டுக் கழுத்து அகலமாகித் தொங்குவதைக் கண்டு கேட்டிருக்கிறார். நான்கு மாதம். பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, பசியில்லை. எல்லாவற்றையும் புதுக்காணி துப்பரவாக்கும் களைப்பு என்று அவர் எண்ணியிருந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. நாம் சிறுவயதில் கசம், சயரோகம் என்று கேட்டுப் பயந்த அதே நோய். அந்த நான்கு மாதமும் அவர் ஒரே தகரக் கொட்டிலில் ஆறு பேரோடு படுத்திருந்தார். வீட்டில் எல்லோரையும் சோதித்தபோது மகள் ஒருத்திக்கும் நோய் தொற்றியிருந்தது.

ஆடாதோடை அவரை ஏமாற்றவில்லை. அது தன் வேலையைச் செய்தது. சளியை இளக்கியது, மூச்சை இலேசாக்கியது, நித்திரை கொள்ள வைத்தது. கிருமியைக் கொல்வது அதன் வேலையல்ல. சுகம் தந்தபடியால்தான் அவர் நான்கு மாதம் வைத்தியசாலைக்குப் போகவில்லை. சும்மா இருமிக்கொண்டு இருந்திருந்தால் மூன்றாம் வாரமே போயிருப்பார். இலையைக் கொடுத்த நாம், இலையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. விதை கொடுக்கும்போது களை எடுக்கும் நாளையும் சொல்லிக் கொடுக்கும் எமக்கு இது ஏன் தோன்றவில்லை என்று பிறகு பலநாள் யோசித்தோம்.

தந்தையும் மகளும் ஆறு மாதம் மருந்து எடுத்துச் சுகமானார்கள். அந்த ஆறு மாதத்தைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடையில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. இதுதான் வழமையான ஒழுங்கு. மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து அவர் மூன்றாம் நாளே மாத்திரையை ஒளித்து வைத்தார். அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் மாதத்தில் பசி வந்து உடம்பு தேறத் தொடங்கியதும், சுகம்தானே என்று நிறுத்தப் பார்த்தார். அப்படி இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம். ஆனால் கண்கள் மஞ்சளாகினாலோ, பார்வை மங்கினாலோ, விடாமல் சத்தி வந்தாலோ நீங்களாக முடிவெடுக்காமல் உடனே சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும்.

இந்த மருந்துகளும் சளிப் பரிசோதனையும் எங்கள் நாட்டில் இலவசம். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரடியாகவும் போகலாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் சொன்னால் வழிகாட்டுவார்கள். சோதனைக்குத் துப்பல் கொடுத்துப் பயனில்லை. காலையில் எழுந்தவுடன், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளியே வேண்டும். திறந்த வெளியில் நின்று, மற்றவர்களுக்கு அப்பால் அதை எடுங்கள்.

காசநோய் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இன்னும் போகவில்லை. கலியாணம் பேசுகிற வீட்டில் அதை மறைக்கிறார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. ஏற்கனவே 'அகதி' என்ற பெயர், அதற்கு மேல் இதுவும் வேண்டுமா என்று எம்மிடம் கேட்ட தாய்மார் உண்டு. நோய் பரம்பரையாக வருவதல்ல. நெருக்கமாக அடைபட்ட இடத்தில் காற்றால் தொற்றுவது. ஆறேழு பேரை ஒரு கொட்டிலில் படுக்க வைத்தது யார் குற்றம் என்றாலும் அது அந்தக் குடும்பத்தின் குற்றமல்ல. ஒழுங்காக மருந்தெடுக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் தன்மை பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

கரிக்கோடு

அந்தக் கமக்காரரின் மனைவி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வீட்டில் யார் இருமத் தொடங்கினாலும் அன்றைக்கே குசினிக் கப்பில் கரியால் ஒரு கோடு. கசாயம் வைப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. பதினான்கு கோடு வந்தும் இருமல் நிற்கவில்லை என்றால் கசாயச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளை வைத்தியசாலைக்கு அனுப்புவார். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளி சோதிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான்.

பதினான்கு நாள் வரை காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. சளியில் இரத்தம் கண்டால் முதல் நாளே போக வேண்டும். நெஞ்சு வலியோடு கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இருந்தாலும் அப்படியே. வயலில், சேற்றில், வெள்ளத்தில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின் சிலரை அது விரைவாகவே பலிகொண்டது. வயலில் இறங்கினேன் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தொய்வுக்காரருக்கு இழுக்கும் மருந்து கொடுத்திருந்தால் அதை விட்டுவிட்டுக் கசாயத்தை நம்பக்கூடாது. முட்டு எழும்பி, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறும் ஒருவருக்கு அடுப்பு மூட்டிக் கசாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவதாகும். அடுப்புப் புகையே பலருக்கு இருமலின் வேர். தகரக் கொட்டிலுக்குள் ஈர விறகு எரிக்கும் வீடுகளில், புகை போக ஒரு தகரத்தை உயர்த்தி விட்டாலே பாதி இருமல் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

சிறு பிள்ளைகளின் விடயத்தில் கோடு கீறிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர்களுக்கு எண்ண வேண்டியது மூச்சை. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். மணிக்கூடு இல்லாவிட்டால் தொலைபேசியில் நேரம் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. நியூமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பிள்ளை பால் குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த மூன்று எண்களையும் பிள்ளையின் சுகாதார அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்த ஒரு தாயைக் கண்டோம். நல்ல யோசனை.

தடி நடும் காலம்

ஐப்பசி மழை இரண்டு மூன்று விழுந்து மண் நனைந்ததும் நடலாம். மிக இளம் தண்டும் வேண்டாம், கிழட்டுக் கட்டையும் வேண்டாம். பென்சிலிலும் சற்றுப் பருத்த தடியாக, மூன்று நான்கு கணு வரும்படி ஒரு சாண் அளவில் வெட்டுங்கள். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக இருக்கட்டும். கீழ் இலைகளைக் கழித்து, மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகவேண்டும். வேலிக்கானால் ஒரு முழத்துக்கு ஒன்று. வெள்ளம் நிற்கும் இடத்தில் வேர் அழுகும். அங்கே வரம்பு போட்டு மேட்டில் நடவேண்டும். இன்னொருவர் காணியில் தற்காலிகமாக இருப்பவர்கள் பழைய பால்மா பேணியிலோ உரப்பையிலோ நட்டு வைத்தால், எழும்பும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

முதல் கோடைக்கு மட்டும் சிறிது தண்ணீர் தேவை. பிறகு அது தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆடு கட்டுகிற வீட்டுக்கு இதைவிட நல்ல வேலிச் செடி இல்லை. கூடுதலாகத் தழைத்தால் வெட்டித் தழைப்பசளையாகத் தோட்டத்துக்குத் தாழ்க்கலாம். வாழைப்பழம் அடுக்கும் பெட்டியில் இலையைப் பரப்பினால் பூச்சி அண்டாது. உலர்த்தி வைப்பதாயின் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் கறுத்துப் பயனில்லாமற் போய்விடும்.

ஆச்சியின் கிழக்கு வேலியிலிருந்து அன்று ஒரு கட்டுத் தடி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். அதை வன்னிக்குக் கொண்டுபோனோம். இம்முறை ஒவ்வொரு நாலு தடியோடும் பதினான்கு கட்டங்கள் கீறிய ஒரு துண்டு மட்டையையும் கட்டிக் கொடுத்தோம். கமக்காரரின் மனைவி மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன்னிடம் கப்பு இருக்கிறதாம். தடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்.